பின்வாங்கும் கப்பல்

விஞ்ஞானக் கதை பற்றிப் பேச்சு வந்தால் இலக்கியக்காரர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிறுபிள்ளைச் சமாசாரம் என்று ஒதுக்குவார்கள்; அல்லது அதிலுள்ள விஞ்ஞானம் சரியா என்று மட்டும் விசாரித்துவிட்டுத் திருப்தியடைவார்கள். இரண்டும் விமர்சனம் ஆகாது என்பது என் கட்சி.

ஒரு உதாரணம். 1966 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் ஒரு கதை, 'பாலன்ஸ் ஆஃப் டெரர்'. எதிரிக் கப்பல் நெருப்புக் கோளம் ஒன்றை ஏவுகிறது. கேப்டன் கிர்க் ஒளியை மிஞ்சிய வேகத்தில் கப்பலைப் பின்னோக்கிச் செலுத்த ஆணையிடுகிறான். கோளம் துரத்துகிறது, தூரம் கூடக்கூட வலுவிழக்கிறது. எல்லோரும் திரையில் அதைப் பார்த்தபடி இருக்கிறார்கள்.

இந்த ஆணை கடலிலிருந்து வந்தது. நீர்மூழ்கிக் கப்பலை வேட்டையாடும் 1957-ஆம் வருஷத்துப் படம் 'தி எனிமி பிலோ' இக்கதைக்கு மூலம். கடலில் கப்பலுக்கு முன் உண்டு, பின் உண்டு. வெளியில் அந்த பேதத்துக்கு என்ன அர்த்தம்?

1994-இல் மிகேல் அல்குபியர் என்ற மெக்ஸிகோ பௌதிகவாதி இதற்கொரு கணிதம் தந்தார். போகும் திசையில் வெளி சுருங்குகிறது, எதிர்ப்புறம் விரிகிறது. நடுவிலுள்ள குமிழியில் கப்பல் சும்மா மிதக்கிறது. அதன் மூக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் சமன்பாட்டுக்குக் கவலையில்லை. சுருக்கத்தையும் விரிவையும் இடம் மாற்றினால் கப்பல் பின்வாங்கும். இதற்கு எதிர்மறை ஆற்றல் வேண்டும், அது அவ்வளவு கிடைக்க வழி இல்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதன் விளைவுகள். ஒளியை மிஞ்சிப் போகிறவனை, விட்டுவந்த இடத்தின் ஒளி எட்டிப் பிடிக்காது. ஆகவே பகைவனுக்கு முகம் காட்டிப் பின்வாங்கும் கேப்டன் முன்னால் இருப்பது இருட்டு. நட்சத்திர ஒளியெல்லாம் அவன் முதுகுப்புறம்தான் வந்து விழும். இன்னொன்று: குமிழியின் முன்னணிச் சுவருக்கு உள்ளிருந்து எந்தச் சைகையும் போய்ச் சேராது. நிறுத்து என்ற ஆணைகூட.

தொடரோ ஒளியை மிஞ்சும் கருவிகளைக் கற்பித்துக்கொண்டு எல்லாவற்றையும் திரையில் காட்டிவிடுகிறது. பௌதிகம் பிசகிவிட்டது என்பதல்ல என் புகார். கற்பனை தனக்கே விதித்துக்கொண்ட நிபந்தனையைக் கடைசிவரை அனுபவிக்கவில்லை என்பதுதான். புறமுதுகு காட்டாமல் பின்வாங்குவது என்ற கடல் வீரத்தைக் கடன் வாங்கியாயிற்று. அதற்குரிய விலை கொடுக்கப்படவில்லை. ஆனாலும் அக்காட்சி இன்றும் நிற்கிறதென்றால், ஓடுகிறவன் பயத்தை நேருக்கு நேர் பார்க்கிறான் என்பதனால்தான்.

கோளம் இன்னும் வருகிறதா, அணைந்துவிட்டதா என்று தெரியாமல், தன் ஆணையும் செல்லுபடியாகாமல், இருட்டை நோக்கி நிற்கும் ஒரு கேப்டன்: பௌதிகம் தூக்கிக் கொடுத்த பாத்திரம் இது. எழுத்தாளன் அதை ஏன் வாங்கிக்கொள்ளவில்லை என்பதே விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி. அப்படியொரு கதையை யாராவது எழுதினால் நான் படிக்கத் தயார்.