ஒளிப்படக் காட்சியும் பெயர் சுட்டா மரபும்

முதுகலை மாணவர் பலர் தம் ஆய்வுப் படங்களை ஒருங்கே காட்சிக்கு வைக்குங்கால், அவற்றை மதிப்பிடும் அளவுகோல் யாது? பழைய சான்றொன்றை ஈண்டுக் காண்போம். அலெக்சாந்தர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் ஒளிப்படக் கலையும் பயிற்றப்பட்டது. 1873இல் வெளிவந்த பிரீக்ஸின் நீலகிரிப் பழங்குடிகள் பற்றிய நூலுக்குப் படமெடுத்தோர் அப்பள்ளியாரே. உடை, அணி, குடில் எனக் கருப்பொருள் எனத்தக்கவை அப்படங்களில் தெளிவாக உள்ளன. மாந்தரோ தோடர், கோத்தர் எனக் குலத்தின் சான்றாகவே நிற்கின்றனர்.

ஐந்திணை மாந்தரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதியன்றோ எனின், ஆம். ஆயினும் பெயர் சுட்டப்படாத தலைவி தானே பேசுகின்றாள். கூற்று அவளுடையது, ஆகலின் அவள் நெஞ்சம் எவர்க்கும் பொதுவாகின்றது. பெயரும் கூற்றும் ஒருங்கே இழந்தவர் வெறுங் காட்சிப்பொருளே ஆவர்.

இவ்வளவுகோலை எம் வட்டாரத்திற்குப் பொருத்திக் காண்போம். திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ஊர்ப்பெயர் நிலைத்தது; அரம் பிடித்த கைக்குரியார் பெயர் யாண்டுளது? இச்சமவெளியைப் படமெடுக்கும் மாணவர், பட்டறையைக் காட்டுவதோடு அமையாது, அங்கு உழைப்பாரின் பெயரையோ கூற்றையோ அவர்தம் இசைவுடன் படத்தருகே வைத்தல் வேண்டும். அப்போதே உரிப்பொருள் படத்துள் புகும் என்பது எம் துணிபு.