கொண்டை ஊசிக் கணக்கு

கொல்லிமலை என்றால் 70. வால்பாறை என்றால் 40. கல்லட்டி 36, ஏற்காடு 20, மேட்டுப்பாளையம்–குன்னூர் 14. சைக்கிளில் மலையேறுவது பற்றித் தமிழில் வரும் பயணக் குறிப்புகளையும் வீடியோக்களையும் வரிசையாகப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் தலைப்பும் இந்த எண்தான், முடிவுரையும் இந்த எண்தான். எழுபது வளைவு ஏறினேன், நாற்பது வளைவு ஏறினேன். நடுவில் மேகம், தேநீர்க் கடை, சிங்கவால் குரங்கு.

இந்த எழுத்து வகை மீது எனக்கு ஒரு புகார் உண்டு. வளைவுகளின் எண்ணிக்கை ஒரு மலைச் சாலையின் கடினத்தைச் சொல்வதே இல்லை. ஆபத்தையும் சொல்வதில்லை.

மலையடிவாரத்து ஊர்க்காரருக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. அவருக்குச் சாலை தெரியும். என்னைப் போல ராயபுரம்–எண்ணூர் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத்தான் சிக்கல். இங்கே நிலம் கடல் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. மேம்பாலம்தான் எங்கள் மலை. எதிர்க்காற்று அடித்தால் கியர் குறைப்போம், அதுதான் ஏற்றம் பற்றிய எங்கள் அனுபவம். படித்ததைச் சரிபார்க்கப் பக்கத்தில் ஒரு குன்றுகூடக் கிடையாது. எழுதியவர் கொடுக்கும் எண்ணை நம்பித்தான் லீவு போட்டு ரயில் ஏறுகிறோம்.

சரி, கணக்கைப் பார்ப்போம். ஒரு சாலை எவ்வளவு உயரம் ஏற வேண்டும், எந்தச் சரிவில் ஏற வேண்டும் என்று பொறியாளர் முடிவு செய்துவிட்டால் அதன் நீளம் தானாக முடிவாகிவிடும். 1,000 மீட்டர் உயரம், 5 சதவீதச் சரிவு என்றால் 20 கிலோமீட்டர் சாலை வேண்டும். அந்த 20 கிலோமீட்டரை நேராகப் போட மலையில் இடம் இல்லை என்றால் மடிக்க வேண்டும். அந்த மடிப்புதான் கொண்டை ஊசி வளைவு. புடவையை எத்தனை மடிப்பு மடித்தாலும் நீளம் அதேதான். பெட்டி சின்னதாக இருந்தால் மடிப்பு கூடும், அவ்வளவுதான். சொல்லப்போனால், வளைவு போடுவதே ஏற்றத்தைக் குறைப்பதற்காகத்தான்.

ஐரோப்பாவின் பிரபலமான மூன்று ஏற்றங்களை வைத்துப் பார்க்கலாம். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய்க்குப் பிராத்தோ பக்கமிருந்து ஏறினால் 48 வளைவுகள், சுமார் 24 கிலோமீட்டர், 1,800 மீட்டர் உயரம். பிரான்ஸின் ஆல்ப் துவெஸ் 21 வளைவுகள், 13.8 கிலோமீட்டர், சுமார் 1,100 மீட்டர். சராசரிச் சரிவு ஸ்டெல்வியோவில் ஏழரை சதவீதத்துக்குப் பக்கம், ஆல்ப் துவெஸில் 8.1. அதாவது வளைவு பாதிக்கும் குறைவாக உள்ள சாலைதான் செங்குத்தானது. மூன்றாவது, மோன் வான்தூ. பெதுவான் ஊரிலிருந்து 21 கிலோமீட்டரில் 1,600 மீட்டர் ஏறும் அந்தச் சாலையில் சொல்லிக்கொள்ளும்படியான கொண்டை ஊசி வளைவுகள் மிகக் குறைவு. ஆனால் அதன் காட்டுப் பகுதியை எந்த வீரரும் லேசாகப் பேசுவதில்லை.

இதே கணக்கை நம்மூருக்குக் கொண்டுவந்தால் கொல்லிமலையின் 70 கொஞ்சம் சுருங்கும். மலையின் மேற்பகுதி 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். அடிவாரத்தைக் கடல் மட்டம் என்றே தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஒரு வளைவுக்கு 19 மீட்டர் ஏற்றம் தாண்டாது. ஸ்டெல்வியோவில் ஒரு வளைவுக்கு 37 மீட்டர். ஆல்ப் துவெஸில் 52. கொல்லிமலை சுலபம் என்று நான் சொல்லவில்லை. 70 என்பதை 21-ஓடு ஒப்பிட்டு ஆல்ப்ஸையே மிஞ்சிவிட்டோம் என்று எழுதுவது சரியில்லை என்கிறேன்.

இதைவிட நல்ல சான்று நீலகிரியிலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சாலையும் போகிறது, 1899 முதல் ரயிலும் போகிறது. இரண்டும் ஏறுவது ஏறக்குறைய அதே 1,400 மீட்டர் உயரம். சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ரயிலில் ஒன்றுகூட இல்லை. ஆனால் செங்குத்து எது? ரயில்தான். முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீளும் சாலையின் சராசரி நான்கு சதவீதச் சொச்சம். ரயில் பாதையோ கல்லாறு தாண்டியதும் 12க்கு 1 வரை, அதாவது 8.33 சதவீதம் வரை ஏறுகிறது. சக்கரம் வழுக்கும் என்பதால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் சட்டம் பதித்து, என்ஜினின் பல் சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும்படி செய்திருக்கிறார்கள். ஆல்ப் துவெஸின் சராசரிச் சரிவு கிட்டத்தட்ட இதுதான். பல் சட்டம் இல்லாமல் ரயிலே ஏற முடியாத சரிவில் ஒரு மனிதர் சைக்கிள் மிதித்துப் போகிறார் என்று எழுதினால், படிக்கிறவருக்கு உண்மையிலேயே ஏதோ புரியும்.

எண்ணுக்கு அடுத்து, புராணம். "மரண வளைவு", "எமன் மலை" வகையறா. இதை நம்ம யூடியூப்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'மித்தாலஜீஸ்' நூலில் டூர் த பிரான்ஸ் பந்தயத்தை ஒரு காவியமாகவே வாசித்தார். வான்தூ மலை அவருக்குப் பலி கேட்கும் தெய்வம். அபாரமான கட்டுரைதான். ஆனால் 1967 ஜூலை 13 அன்று அதே மலையில் டாம் சிம்ப்சன் சரிந்து இறந்தபோது காரணம் தெய்வமாக இல்லை. கடும் வெயில், அதோடு உடலில் ஆம்ஃபெடமின். புராணத்தை நம்பினால் பயம்தான் வரும், பாதுகாப்பு வராது.

உண்மையான ஆபத்து பெரும்பாலும் இறக்கத்தில்தான். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ என்று வையுங்கள். 150 வாட் சக்தி தரும் ஒருவர் சமதளத்தில் மணிக்கு 28 கிலோமீட்டர் போல ஓடுவார். 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர். அந்த வேகத்தில் விழுந்தால் முட்டிதான் சிராய்க்கும். ஆனால் 1,000 மீட்டர் ஏறிச் சேர்த்த 785 கிலோஜூல் ஆற்றலும் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். அது இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வேகமாக இறங்கினால் ஒரு பங்கு காற்றில் போகும். பயந்து, பிரேக்கைப் பிடித்தபடியே மெதுவாக இறங்கினால் கிட்டத்தட்ட எல்லாமே சக்கர விளிம்பிலோ டிஸ்க்கிலோ வெப்பமாக இறங்கும். விளிம்பு சூடேறினால் ட்யூப் வெடிக்கலாம். சமவெளியிலிருந்து வருகிறவர் செய்வது இதைத்தான். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும் என்று எந்தப் பயணக் குறிப்பும் அவருக்குச் சொல்லியிருக்காது.

எங்கள் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். 40 டன் எடையோடு அது அதே உயரம் இறங்கினால் நம்மைப் போல 500 மடங்கு வெப்பம். நீலகிரிச் சாலைகளில் "இரண்டாவது கியரில் இறங்கவும்" என்று பலகை வைத்திருப்பது இதனால்தான். பிரேக் செய்ய வேண்டிய வேலையை என்ஜின் பங்குபோட்டுக்கொள்ளும். சைக்கிளில் அந்த வசதியும் கிடையாது. கல்லட்டிச் சாலையில் வெளியூர் வண்டிகள் இறங்க மாவட்ட நிர்வாகம் தடை போட்டிருப்பதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். 36 என்ற எண்ணோடு செல்ஃபி எடுக்கிறவர்கள் இரண்டாவது கியர் பலகையைப் படம் எடுப்பதில்லை.

வளைவுப் பலகைகளே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வண்டி நின்றுவிட்டால் "வால்பாறை ரோட்டில் 27வது வளைவு" என்று போனில் சொன்னால் போதும், ஆள் வந்துவிடும். மூச்சு வாங்க ஏறுகிறவருக்கு எண்ணிக்கொண்டே போக ஒரு துணையும்கூட. ஆல்ப் துவெஸிலும் 21இல் தொடங்கி இறங்குவரிசையில் எண் போட்டிருக்கிறார்கள். ஆனால் அது முகவரி. அதை மதிப்பெண் ஆக்கியது நாம்.

பிரான்ஸின் பல கணவாய்ச் சாலைகளில் சைக்கிள்காரர்களுக்காகவே கிலோமீட்டருக்கு ஒரு கல் வைத்திருக்கிறார்கள்: உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம், இப்போது என்ன உயரம், அடுத்த ஒரு கிலோமீட்டரின் சராசரிச் சரிவு என்ன. மூன்றே எண்கள். நம் சாலைகளில் அப்படிக் கல் வரும்வரை எழுதுகிறவர்களாவது அந்த வேலையைச் செய்யலாம். அடிவார உயரம், உச்சி உயரம், நீளம், மிகச் செங்குத்தான ஒரு கிலோமீட்டர் எங்கே, தண்ணீர் எங்கே கிடைக்கும், இறங்கும்போது எந்த இடத்தில் பேருந்து முழுச் சாலையையும் எடுத்துத் திரும்பும், எத்தனை மணிக்கு மேல் போகக் கூடாது. இதையெல்லாம் பதிந்துகொள்ள ஒரு சாதாரண செல்போன் போதும்.

வளைவு எத்தனை என்பதைக் கடைசி வரியில் போட்டுக்கொள்ளலாம்.