வெளியீட்டுச் சார்பைத் திருத்தும் புள்ளியியல் முறைகள்: ஒரு திறனாய்வு

வெளியீட்டுச் சார்பு என்பது, சாதகமான முடிவு தந்த ஆய்வுகள் ஆய்விதழ்களில் எளிதில் வெளிவருவதும், மற்றவை வெளிவராமல் போவதும் ஆகும். ஒரே கேள்வியை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிடும் மீப்பகுப்பாய்வை இது நேரடியாகப் பாதிக்கிறது. வெளிவந்தவற்றை மட்டும் தொகுத்தால், மருந்தின் பயன் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

இதைத் திருத்த இரு முறைகள் பரவலாகப் பயன்படுகின்றன. ஆய்வுகளின் விளைவு அளவையும் துல்லியத்தையும் புள்ளிகளாகக் குறித்தால், சார்பு இல்லாதபோது அவை கவிழ்த்த புனல்போல இருபுறமும் ஏறத்தாழச் சமமாக அமையும். டுவல், ட்வீடி ஆகியோர் 2000-இல் வெளியிட்ட 'வெட்டி நிரப்பும் முறை', புனலின் வெறுமையான பக்கத்தில் கற்பனைப் புள்ளிகளை நிரப்பிச் சராசரியை மீண்டும் கணக்கிடுகிறது. தொடர்புப் போக்கு முறையோ, திட்டப்பிழை குறையக் குறைய விளைவு அளவு எவ்வாறு மாறுகிறது என்று பார்த்து, பிழையே இல்லாத ஆய்வின் முடிவை மதிப்பிடுகிறது.

இம்முறைகளைச் சோதிக்க அரிய வாய்ப்பொன்று அமைந்தது. டர்னர் குழுவினர் 2008-இல், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் பதிவான 12 மனச்சோர்வு மருந்துகளின் 74 ஆய்வுகளை, ஆய்விதழ்களில் வெளிவந்தவற்றுடன் ஒப்பிட்டனர். நிர்வாகம் சாதகமெனக் கொண்ட 38-இல் 37 வெளிவந்திருந்தன. மற்ற 36-இல் 22 வெளிவரவே இல்லை. 11 சாதகமானவை போல வெளிவந்தன. 3 மட்டுமே உள்ளபடி வெளிவந்தன.

இத்தரவுகளைக் கொண்டு மொரேனோ குழுவினர் 2009-இல் இரு முறைகளையும் சோதித்தனர். ஆய்விதழ்த் தரவு காட்டிய விளைவு அளவு 0.41, நிர்வாகத்தின் தரவு காட்டியது 0.31. ஆய்விதழ்த் தரவை வெட்டி நிரப்பும் முறை 0.35 எனவும், தொடர்புப் போக்கு முறை 0.29 எனவும் திருத்தின.

இரண்டாவது முறை உண்மைக்கு நெருங்கி வந்தது. ஆனால் இந்த வெற்றியைப் பொதுவிதியாகக் கொள்ள முடியாது. முதலாவதாக, அந்த 11 ஆய்வுகள் காணாமற்போகவில்லை. முடிவு மாறி வெளிவந்தன. விடுபட்ட புள்ளியை நிரப்புவதற்கென அமைந்த முறை, இடம் மாறிய புள்ளியை அடையாளம் காணாது. இரண்டாவதாக, புனல் சாய்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. சிறிய ஆய்வுகளில் நோய் முற்றியவர்கள் மிகுதியாகச் சேர்க்கப்பட்டிருந்தால், பயன் உண்மையாகவே கூடுதலாக இருக்கலாம். கணக்கு இவ்விரண்டையும் பிரித்தறியாது. மூன்றாவதாக, பத்துக்கும் குறைவான ஆய்வுகள் இருக்கும்போது புனலின் சாய்வைச் சோதிப்பது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, 0.29 சரியான விடைக்கு அருகில் உள்ளது என்று தெரிந்ததே, நிர்வாகத்திடம் முழுத் தரவு இருந்ததால்தான். பெரும்பாலான துறைகளில் அத்தகைய விடைக்குறிப்பு கிடையாது. எனவே திருத்திய எண்ணை முடிந்த முடிவாகக் கொள்ளாமல், மூல முடிவு எவ்வளவு உறுதியானது என்பதற்கான சோதனையாகவே கொள்ள வேண்டும். ஆய்வு தொடங்கும் முன்பே அதைப் பதிவு செய்வதும், முடிவு எதுவாயினும் வெளியிடுவதும் இக்குறையை வேரிலேயே குறைக்கும். மாத்திரையை விழுங்கும் நோயாளிக்கு 0.41-க்கும் 0.31-க்கும் உள்ள வேறுபாடு வெறும் எண் அன்று.