பாதங்களால் அறியும் தாளம்

ஸ்காட்லாந்தின் தாளக்கருவிக் கலைஞர் எவலின் கிளெனி மேடையில் வெறுங்காலுடன் நின்று, மரச்சட்டங்களைக் கோல்களால் தட்டி இசைக்கும் மரிம்பாவை வாசிப்பதைக் காண்பவர், அதை ஒரு பாணி என்றே எண்ணக்கூடும். ஆனால் ஏறத்தாழ 12 வயதிலேயே கேட்கும் திறனில் பெரும்பகுதியை இழந்த அவருக்குத் தளத்தில் பரவும் அதிர்வே சுருதியைச் சொல்கிறது. பள்ளிப்பருவத்தில், திம்பனி என்னும் பெருமுரசு முழங்கும்போது சுவரில் கைவைத்து உணர்ந்து பழகிய அவர், தாழ்ந்த ஒலிகளைக் கால்களிலும் உயர்ந்தவற்றை முகம், கழுத்து, மார்பு ஆகியவற்றிலும் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்.

ஒலியைப் பகுத்தறியும் மூளையின் மேலடுக்கான செவிப்புலப் புறணி, ஒலி வராதபோது தரிசாகக் கிடப்பதில்லை. பிறவியிலேயே கேளாதோரிடம் அதன் சில பகுதிகள் தோலில் படும் அதிர்வுக்கும் கண்முன் நிகழும் அசைவுக்கும் வினைபுரிகின்றன. ஒரு புலனுக்குரிய இடத்தை மற்றொன்று பயன்கொள்ளும் இதனைப் புலன்கடந்த நெகிழ்தன்மை என்பர். 2010இல் வெளியான ஸ்டீபன் லோம்பர் குழுவினரின் ஆய்வில், பிறவியிலேயே கேளாத பூனைகளின் அப்புறணியில் ஒரு பகுதியைக் குளிர்வித்துத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்தபோது, அவற்றுக்கிருந்த கூரிய ஓரப்பார்வை மங்கிச் சாதாரண அளவுக்கு இறங்கியது.

ஆயினும், கிளெனியின் கலையை முழுவதும் மூளையின் கணக்கில் எழுதிவிடுவது அவருடைய பயிற்சிக்கு இழைக்கும் அநீதியாகும்.