எடுத்ததையே எடுப்பது

சென்ற மாதம் பெரம்பலூரில் ஒரு நண்பர் வீட்டில் 'இர்மா வெப்' என்ற பிரெஞ்சுப் படத்தைப் பார்த்தேன். ஒலிவியே அஸ்ஸாயாஸ் 1996-இல் எடுத்தது. படம் முடிந்ததும் நண்பர், "கடைசியில் ஃபிலிம் கெட்டுப் போய்விட்டதோ?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். பதில்தான் சற்று நீளமானது.

பேசாப் படக் காலத்தில், 1915-இலும் அடுத்த ஆண்டிலும், லூயி ஃபியூயாத் என்பவர் 'லே வாம்பீர்' என்று பத்துப் பகுதிகள் கொண்ட ஒரு தொடர்ப்படம் எடுத்தார். அதில் கறுப்பு உடை தரித்த கொள்ளைக்காரிதான் இர்மா வெப். அதை மறுபடி எடுக்கப் புறப்படுகிறார் ரெனே விதால் என்ற டைரக்டர். ஒரு காலத்தில் பேர் பெற்றவர், இப்போது தளர்ந்தவர். ஹாங்காங் நடிகை மேகி சியுங்கை அழைக்கிறார். மேகி, மேகியாகவே நடிக்கிறார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. சுற்றியுள்ளவர்களுக்குச் சண்டை போடவே பொழுது போதவில்லை. எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்த்த விதால், இதில் உயிரே இல்லை என்று சீறிவிட்டு வெளியேறுகிறார். மனம் உடைகிறது. வேறொரு டைரக்டர் வருகிறார். பாரிஸ் கொள்ளைக்காரிக்குச் சீனத்து முகம் எதற்கு என்பது அவர் கட்சி.

கடைசியில், விதால் தாமே தொகுத்து வைத்துப்போன துண்டை எல்லோரும் பார்க்கிறார்கள். மேகியின் முகத்தின்மேல் கோடுகள். கண்ணைச் சுற்றிக் கீறல்கள். ஃபிலிம் கெட்டுப் போகவில்லை, விதால்தான் கீறியிருக்கிறார். அது பைத்தியமா, மேதைமையா என்று அஸ்ஸாயாஸ் சொல்லவில்லை. ஆனால் அத்தனை ரகளைக்கும் நடுவே உயிரோடு இருப்பது அந்தச் சில நிமிஷங்கள்தான்.

"இது நம்மிடமே நடந்ததுதானே, சார்?" என்றார் நண்பர். நடந்ததுதான். 'அர்ஜுன் ரெட்டி' (2017) என்ற தெலுங்குப் படத்தைத் தமிழில் எடுக்க பாலாவை அமர்த்தினார்கள். கதாநாயகன் விக்ரமின் மகன் துருவ். அவருக்கு அதுதான் முதல் படம். 'சேது'வில் (1999) தந்தைக்கு வாழ்வு கொடுத்தவர் கையில் மகனை ஒப்படைத்ததில் ஓர் அழகு இருந்தது. படமும் முடிந்தது. 2019 பிப்ரவரியில் பட முதலாளிகள், வந்த படம் திருப்தியில்லை, வெளியிட மாட்டோம், கதாநாயகனை மட்டும் வைத்துக்கொண்டு முதலிலிருந்து எடுக்கிறோம் என்று அறிவித்தார்கள். படைப்புச் சுதந்திரத்துக்காகத் தாமே விலகியதாக பாலா சொன்னார். கிரீசாயா எடுத்த 'ஆதித்ய வர்மா' அந்த நவம்பரிலேயே திரைக்கு வந்தது. பாலாவின் 'வர்மா' 2020 அக்டோபரில் இணையத்தில் வெளியாயிற்று.

ஒதுக்கப்பட்டது என்றாலே பொக்கிஷம் என்று நினைப்பது நம் சுபாவம். நானும் அப்படித்தான் ஆவலோடு 'வர்மா'வைப் பார்த்தேன். பொக்கிஷம் இல்லை. தெலுங்கில் மூன்று மணி நேரம் ஓடிய கதையை அவர் வெட்டிச் சுருக்கிவிட்டார். காதல் முளைக்கவே அவகாசமில்லை. முளைக்காத காதலுக்காக ஒருவன் குடித்து அழிந்தால் நமக்கென்ன? 'ஆதித்ய வர்மா'வோ மூலத்தை ஒட்டியே போகிறது. குறை சொல்ல இடமில்லை. நினைவில் வைத்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை.

மறுநாள் காலை சாத்தனூருக்குப் போய்க் கல்மரத்தைப் பார்த்தோம். 10 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரம், சுமார் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்க் கிடக்கிறது. மரத்தின் ஒவ்வோர் அணுவும் போய் அந்த இடத்தில் கல் உட்கார்ந்திருக்கிறது. வடிவம் மாறவில்லை, ஆனால் துளிர்க்காது. மூலத்தை அப்படியே படியெடுக்கும் படங்களை நினைத்துக்கொண்டேன்.

மாலையில் அரியலூர் ஜில்லாவின் மறுகோடியில் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போனோம். தஞ்சையில் தந்தை கட்டியதை ராஜேந்திரன் இங்கே மறுபடி கட்டினான். அதே எண்ணம்தான். ஆனால் உயரத்தில் தந்தையோடு போட்டியிடவில்லை. விமானம் மேலே போகப்போக உள்வாங்கி வளைகிறது. ஒரே கதையை இன்னொருவன் தன் மனசுக்கேற்பச் சொல்லியிருக்கிறான்.

பாலாவிடம் குறை அவர் மாற்றியதில் இல்லை. மாற்றியதற்கு ஒரு காரணம் படத்தில் தெரியாததுதான். ஆனால் கல்மரம் வேண்டுமென்று ஆசைப்பட்டவர்கள் கோயில் கட்டுகிறவனை அழைத்ததும் பிழைதான். இதை ஏன் மறுபடி எடுக்கிறோம் என்ற கேள்விக்கு இரு தரப்பும் ஒரே பதிலை வைத்திருந்தார்களா? இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நடுவில் நின்ற அந்தப் பிள்ளை ஒரே காதலுக்கு இரண்டு தடவை அழுதான். அந்த இரண்டு அழுகையையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது மனசு என்னவோ செய்கிறது.