வாங்கிய காயை எப்போது விடுவது?

சதுரங்கம் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு முதல் பாடமே கணக்குதான். சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9. வெட்டிய காய்களைப் பலகைக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தி எண்ணிப் பார்க்கும் சுகம் புதியம்புத்தூர்த் திண்ணையிலும் உண்டு, சென்னைப் பயிற்சி வகுப்பிலும் உண்டு. கொஞ்சம் தேறியபின் வாத்தியார் இன்னொரு பாடம் சொல்வார்: "நெருக்கடி வந்தா வாங்கினதைத் திருப்பிக் கொடுத்திரு." முதல் பாடத்தைப் போலவே இதையும் பிள்ளைகள் சட்டமாக மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். சட்டமாக வைத்துக்கொள்ளும் அளவுக்கு இந்த வழக்கம் உறுதியானதா என்பதுதான் கேள்வி.

இதன் பலம் எங்கே என்று முதலில் பார்ப்போம். காய் வெட்டுவது சும்மா நடப்பதில்லை. ஒரு சிப்பாயை எடுக்க நாம் ஒன்றிரண்டு நகர்த்தலைச் செலவழிக்கிறோம். அதற்குள் எதிராளியின் காய்கள் வெளியே வந்துவிடுகின்றன. கூடுதல் காய் நம் பக்கம், வேகம் அவர் பக்கம். அந்த நேரத்தில் வாங்கியதை விட்டுக்கொடுத்தால் வேகம் நம்மிடம் திரும்புகிறது. தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் மிச்சச் சரக்கை விலை குறைத்துத் தள்ளிவிடும் புதியம்புத்தூர் ரெடிமேட் வியாபாரிக்கு இது புதிய கணக்கல்ல. லாபத்தில் கொஞ்சம் போகும், முதல் கைக்கு வந்துவிடும். பண்டிகை முடிந்த மறுநாள் அதே விலைக்குக் கேட்க ஆள் இருக்காது.

ஆட்டத்தில் இதற்கு நல்ல சான்று எவான்ஸ் காம்பிட். 19ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுக் கப்பல் கேப்டன் வில்லியம் எவான்ஸ் கொண்டுவந்த தொடக்கம் அது. வெள்ளை நாலாவது நகர்த்தலிலேயே பி4 சிப்பாயைத் தானமாக வைக்கும். கறுப்பு எடுத்தால் அடுத்தடுத்துத் தாக்குதல் வரும். உலகச் சாம்பியன் இமானுவேல் லாஸ்கர் இதற்குச் சொன்ன மருந்து எளிமையானது. எடுத்த சிப்பாயைக் கட்டிக்காக்காமல் டி6, மந்திரி பி6 என்று அமைதியாக நின்றுகொள். வெள்ளை சிப்பாயைத் திரும்ப எடுக்கப் போனால் ராணிகள் பலகையை விட்டுப் போய்விடும். தாக்குதலும் கூடவே போகும். வெள்ளையின் ஏ, சி சிப்பாய்கள் துணையில்லாமல் தனித்தனியாக நிற்கும். கடன் தீர்ந்தது, நிலைமை கறுப்புக்குச் சாதகம். இந்த ஒரு பாதுகாப்பே அந்தத் தொடக்கத்தின் மவுசைப் பெரிதும் குறைத்தது.

அதே தொடக்கத்தில்தான் இந்த வழக்கத்தின் பலவீனமும் வெளிப்பட்டது, அதுவும் நம் ஊர்க்காரர் ஆட்டத்தில். 1995இல் ரிகா நகரில் நடந்த மிகயில் தால் நினைவுப் போட்டியில் விஸ்வநாதன் ஆனந்துக்கு எதிராக காஸ்பரோவ் எவான்ஸ் காம்பிட் ஆடினார். ஆனந்த் சிப்பாயை எடுத்தார், ஆறாவது நகர்த்தலிலேயே திருப்பிக் கொடுக்கவும் முன்வந்தார். அவருடைய குதிரை ஏ5 கட்டத்துக்குப் போய் வெள்ளை மந்திரியை மிரட்டியது. வெள்ளை இ5 சிப்பாயை எடுத்தால் கறுப்புக் குதிரை மந்திரியை வெட்டும், பிறகு டி5 தள்ளினால் கறுப்புக்கு எல்லாம் சரியாகிவிடும். காஸ்பரோவ் அந்தச் சிப்பாயைத் தொடவில்லை. மந்திரியை இ2வுக்குப் பின்வாங்கினார், அடுத்த நகர்த்தலில் ராணியைப் பலகையின் நடுவே டி4இல் கொண்டுவந்து நிறுத்தினார். ஓரத்தில் நின்ற ஆனந்தின் குதிரை ஒன்பதாவது நகர்த்தலில் வந்த வழியே சி6க்குத் திரும்பியது. போகவும் வரவும் இரண்டு நகர்த்தல் வீண். வெள்ளை மந்திரி எச்6இல் உட்கார்ந்து கோட்டை கட்டும் வழியை அடைத்தபோது ஆனந்த் இ5இல் இன்னொரு சிப்பாயையும் எடுத்தார். அதனால் திறந்த இ வரிசையிலேயே, 25ஆவது நகர்த்தலில், காஸ்பரோவின் யானை வந்து நின்றது. ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். அப்போது பலகையில் காய்களை எண்ணினால் இரண்டு சிப்பாய் அவருக்குத்தான் அதிகம்.

வாத்தியார் சொல்லாமல் விட்ட பாதி இதில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க நாம் தயாராக இருந்தால் மட்டும் போதாது, வாங்கிக்கொள்ள எதிராளி கட்டாயப்பட வேண்டும். லாஸ்கர் முறையில் வெள்ளைக்கு வேறு நல்ல வேலை இல்லை. ரிகாவில் காஸ்பரோவுக்கு இருந்தது.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. 1953இல் சூரிச் கேண்டிடேட்ஸ் போட்டியில் ரெஷெவ்ஸ்கியின் சிப்பாய்ப் படை நடுவில் பெருகி வந்தபோது பெட்ரோசியன் 25ஆவது நகர்த்தலில் தன் யானையை இ6இல் கொண்டுபோய் வெட்டுக்கு வைத்தார். மந்திரி அதை எடுத்தது. பதிலுக்கு பெட்ரோசியனின் குதிரை டி5இல் ஏறி, அந்தப் படையை அசையவிடாமல் நிறுத்தியது. ஆபத்தை உணர்ந்த ரெஷெவ்ஸ்கி 30ஆவது நகர்த்தலில் தன் யானையைக் கொடுத்து மந்திரியை எடுத்தார். லாபம் ஒரு சிப்பாயாகச் சுருங்கியது. 41ஆவது நகர்த்தலில் டிரா. பாராட்டத்தக்க நிதானம்தான். ஆனாலும் திருப்பிக் கொடுப்பதில் நிம்மதி கிடைத்தாலும் வெற்றி வாய்ப்பு கரைகிறது என்பதை இந்த ஆட்டம் மறைக்கவில்லை. யானைகள் மட்டும் மிஞ்சும் முடிவாட்டத்தில் ஒரு சிப்பாய் அதிகம் இருந்தும் ஜெயிக்க முடியாமல் போவது சர்வ சாதாரணம். ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சினால் அதே ஒரு சிப்பாய் பெரும்பாலும் ஜெயித்துக் கொடுத்துவிடும். எவ்வளவு கொடுத்தோம் என்பதைவிட, கொடுத்தபின் எந்த முடிவாட்டம் மிஞ்சுகிறது என்பதே முக்கியம்.

கொடுக்காமல் இருப்பதற்கும் ஒரு வாதம் உண்டு. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சாம்பியன்ஷிப்பின் 14ஆவது, கடைசி ஆட்டம். டிங் லிரென் ஒரு சிப்பாயை விட்டுவிட்டு, யானையும் மந்திரியும் மட்டும் உள்ள, டிரா ஆக வேண்டிய நிலைக்கு ஆட்டத்தைக் கொண்டுபோனார். குகேஷின் ராஜாவுக்கு எந்த ஆபத்தும் இல்லை, அதனால் அவர் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு சிப்பாய் லாபத்தை வைத்துக்கொண்டே மணிக்கணக்கில் கேள்வி கேட்டார். 55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2வுக்கு நகர்த்தினார். குகேஷ் யானையை மாற்றினார், மந்திரியையும் மாற்ற வைத்தார், மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும். 18 வயதில் உலகச் சாம்பியன். பொருளைக் கொடுத்து அமைதி வாங்கியவர் அந்த அமைதியைக் காக்க அதற்குப் பிறகும் ஒவ்வொரு நகர்த்தலிலும் உழைக்க வேண்டியிருந்தது என்பதும் இதில் கவனிக்க வேண்டியது.

இன்றைய கணினிகளும் இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்கின்றன. முற்காலத்தில் தாங்காது என்று கைவிட்ட பல நிலைகளில் காயைப் பிடித்துக்கொண்டே தப்பிக்க வழி இருப்பதை அவை காட்டுகின்றன. ஆனால் கடிகாரம் ஓடும்போது அந்த ஒற்றையடிப் பாதையை மனிதன் கண்டுபிடிப்பது வேறு விஷயம். பள்ளிப் பிள்ளைக்கு இன்றும் லாஸ்கர் பாடமே நல்லது.

எனவே வாத்தியார் வாக்கியத்தைத் தள்ள வேண்டாம், திருத்தினால் போதும். நெருக்கடி வந்தபின் கொடுப்பது அபராதம். வருவதைக் கண்டு, எதிராளி மறுக்க முடியாத நேரத்தில் கொடுப்பதுதான் உத்தி. பதிலுக்குக் கிடைப்பது என்ன என்று, ராணி மாற்றமா, கோட்டை கட்ட அவகாசமா, ஜெயிக்கக்கூடிய முடிவாட்டமா என்று, ஒரே சொல்லில் சொல்லத் தெரிந்தால் கொடுக்கலாம். "பயமா இருக்கு" என்பதைத் தவிர வேறு பதில் வராவிட்டால் காயைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் ஐந்து நிமிடம் யோசிப்பதே மேல்.