பானையில தண்ணி இருந்தது

பள்ளிக்கூடத்தில் அம்பேத்கர் தாகத்தோடு உட்கார்ந்திருந்த கதை நமக்கெல்லாம் மனப்பாடம். கோணிச் சாக்கில் தனியாக உட்கார வேண்டும். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணி. பியூன் வராத நாளில் தண்ணி இல்லை. கூட்டங்களில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்னொரு தாகம் நினைவுக்கு வரும். அதை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. சொன்னால் நானும் மாட்டிக்கொள்வேன்.

ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்பு படித்த காலம். எங்களோடு ஒரு பிள்ளை இருந்தது. (அவன் என்று எழுதுவதா, அவள் என்று எழுதுவதா? நாங்கள் யாரும் கேட்டதில்லை. அதனால் பிள்ளை என்றே எழுதுகிறேன்.) நடையைப் பார்த்து 'ஒம்போது' என்று பேர் வைத்தோம். வைத்தவர்களில் நானும் ஒருத்தன். அந்தப் பிள்ளை காலையிலிருந்து பள்ளிக்கூடம் விடுகிறவரைக்கும் சொட்டுத் தண்ணி குடிக்காது. குடித்தால் ஒன்னுக்குப் போகணும். போனால் நாங்கள் கதவைத் தள்ளுவோம், டவுசரை இழுப்போம். பானையில தண்ணி இருந்தது. தீட்டுன்னு யாரும் தடுக்கல. ஆனாலும் தாகம். பத்தாம் வகுப்பு தொடங்கிச் சில வாரத்தில் அந்தப் பிள்ளையின் தகரப்பெட்டி விடுதியில் இல்லை. வார்டன் பதிவேட்டில் பேருக்கு மேல் ஒரு கோடு போட்டார். அவ்வளவுதான்.

இதை இப்போது எழுத வைத்தவை இரண்டு தன்வரலாறுகள். ஒன்று, 2007இல் வந்த லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா'. இன்னொன்று, 2011இல் வந்த ரேவதியின் 'வெள்ளை மொழி'.

வித்யா நம்ம வீட்டுப் பிள்ளை. அருந்ததியர் குடும்பம். மகன் படித்துப் பெரிய அதிகாரியாக வேண்டும் என்று அப்பாவுக்கு வெறி, அதற்காக அடி. 'கற்பி' என்று நாம் சுவரில் எழுதுகிறோம். சேரி வீட்டுக்குள் அது ஆண்பிள்ளையின் முதுகில் எழுதப்படுகிறது. குடும்பத்தின் மொத்த விடுதலையையும் அவன் தலையில் ஏற்றிவைத்த பிறகு, அந்த 'அவன்' அவளாகும்போது, அது ஒரு பிள்ளையின் பாடாகத் தெரிவதில்லை, துரோகமாகத் தெரிகிறது. மொழியியலில் முதுகலை முடித்த வித்யா புனேயில் ரயிலில் கைநீட்ட வேண்டி வந்தது.

ரேவதியின் வீடு சேரியில் இல்லை. சொந்தமாக லாரி ஓடிய வீடு. அங்கேயும் பள்ளியில் கேலி, வாத்தியாரின் அடி, வீட்டில் அண்ணன்களின் அடி, பிறகு ஓட்டம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று புரியும். அடி இரண்டு பேருக்கும் விழுந்தது. ஆனால் ரேவதிக்குச் சண்டை போட்டுக் கேட்கச் சொத்தில் பங்கு என்று ஒன்றாவது இருந்தது. வித்யாவின் வீட்டுக்குப் படிப்பு ஒன்றுதான் சொத்து. 'திருநங்கை அனுபவம்' என்று பொதுவாகப் பேசுகிற வாசிப்பு இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகிறது.

நாம் எப்படி வாசித்தோம்? 'கருக்கு' 1992இல் வந்ததிலிருந்து பள்ளிக்கூடம் சாதியைப் பழக்குகிற இடம் என்று பேசிவருகிறோம். எம்.ஏ. தமிழில் எனக்குத் தலித் தன்வரலாறு பாடமாக இருந்தது. 'நான், வித்யா' அதில் இல்லை. ஏன் இல்லை என்று நானும் கேட்கவில்லை. அது 'வேற விசயம்' என்று நினைத்தேன். எது வேற விசயம் தோழர்களே? "ஸ்காலர்ஷிப் வாங்கறவங்கள்லாம் எந்திரிங்க" என்று வாத்தியார் சொன்னபோது எழுந்து நின்றவர்கள் நாம். "ஆம்பளப் பசங்க இந்தப் பக்கம், பொம்பளப் பிள்ளைங்க அந்தப் பக்கம்" என்று அதே வாத்தியார் பிரித்தபோது, எந்த வரிசையிலும் நிற்க முடியாமல் ஒரு பிள்ளை நடுவில் நின்றது. இரண்டுமே ஆள்பிரிக்கிற வேலைதான். முதலாவதை மட்டும் அதிகாரம் என்று அடையாளம் கண்டோம்.

நம் மேடை மொழியையும் பார்க்க வேண்டும். எதிரியைக் கோழை என்று திட்ட, "வளையல் போட்டுக்க, சேலை கட்டிக்க" என்கிறோம். "நாங்க என்ன பொட்டப்பயலுகளா?" என்று கேட்டுக் கைதட்டு வாங்குகிறோம். ஆதிக்கசாதி ஆணின் மீசையை நம் முகத்தில் ஒட்டிக்கொள்வது கலகம் ஆகாது. கூட்டத்தின் ஓரத்தில் அப்படி ஒரு பிள்ளை நின்றிருந்தால், இங்கேயும் தனக்கு இடமில்லை என்று போயிருக்கும்.

ஆசிரியர்களுக்கான கையேடும் ஒரு பிரதிதான். 2021இல் திருநர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொள்வது பற்றி என்.சி.இ.ஆர்.டி. ஒரு கையேடு வெளியிட்டது. பால் பேதமில்லாத கழிப்பறை, சீருடை, ஆண் - பெண் என்று வரிசை பிரிக்காமை என்றெல்லாம் அது பேசியது. தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் ஆட்சேபித்தது. சில நாளில் கையேடு இணையதளத்திலிருந்து காணாமல் போனது. குழந்தையின் உரிமைக்கான ஆணையத்துக்குக் குழந்தையின் தாகம் தெரியவில்லை; கழிப்பறைக் கதவுதான் தெரிந்தது.

இட ஒதுக்கீட்டிலும் இதே கதை. 2014இல் நால்சா தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு தமிழக அரசு திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பாலினத்தை ஒரு சாதி மாதிரி பட்டியலில் போட்டால் தலித் திருநங்கை என்ன செய்வார்? பட்டியல் சாதி என்று போனால் திருநங்கைக்கென்று தனி இடமில்லை, மி.பி.வ. என்று போனால் சாதி மறைகிறது. ரெண்டுல ஒன்னை அறுத்துப் போட்டுட்டு வா என்கிறார்கள். அதனால்தான் கிரேஸ் பானு போன்றவர்கள் எல்லாச் சாதிப் பிரிவுக்குள்ளும் கிடைமட்ட ஒதுக்கீடு கேட்டுப் போராடுகிறார்கள். கர்நாடகம் 2021இல் அரசு வேலைகளில் 1 சதவீதம் கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூனில் அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்றது. இது தலித் இயக்கத்தின் கோரிக்கை இல்லையென்றால் வேறு யாருடையது?

பிள்ளைக்கு மட்டுமல்ல, வாத்தியாருக்கும் இதே கதிதான். உத்தரப் பிரதேசத்திலும் குஜராத்திலும் இரண்டு தனியார் பள்ளிகளில் வேலை பறிபோன திருநங்கை ஆசிரியர் ஜேன் கௌஷிக்குக்கு 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கச் சொன்னது. நல்லதுதான். ஆனால் கரும்பலகைக்கு முன்னால் அப்படி ஒருவர் நின்று பாடம் நடத்துவதைப் பார்த்திருந்தால், எங்கள் விடுதிப் பிள்ளை தன் பெட்டியைத் தூக்கியிருக்குமா? எங்களுக்குத்தான் அந்தக் கதவைத் தள்ளக் கை வந்திருக்குமா?

நம் மாலைநேரப் பள்ளிகளில், மாணவர் விடுதிகளில், பத்திரிகைகளில் இதைத் தொடங்க அரசாணை தேவையில்லை. பிள்ளை எந்தப் பேரைச் சொல்கிறதோ அந்தப் பேரால் கூப்பிடலாம். உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறையைக் கேட்டு வாங்கலாம். 'நான், வித்யா'வைத் தலித் தன்வரலாறாகப் பாடத்தில் வைக்கச் சொல்லலாம். இதை எழுதியதால் என் கணக்குத் தீர்ந்துவிடவில்லை. அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நாங்கள் வைத்த பேர் ஞாபகம் இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் இருந்த பேர் ஞாபகம் இருக்கிறது. அதுவாக விரும்பிய பேர் என்னவென்று மட்டும் தெரியாது.